நனைந்த படுக்கையை என்ன செய்வது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையும் மண்சரிவும் மாத்தளை மாவட்டத்தில் பல விவசாயக் குடும்பங்களை வீட்டை விட்டு வெளியேறச் செய்தன. இப்படி இடம்பெயர்ந்து திரும்பும்போது கண்ணில் படுவது நனைந்து கிடக்கும் மெத்தையும் போர்வையுமே. மெத்தையின் விலை பல நாட் கூலி. எறிய மனம் வராது. எனவே முதலில் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இது மழைநீரில் நனைந்ததா, வெள்ளநீரில் நனைந்ததா?

வெள்ளநீரில் நனைந்தவை

வெள்ளநீரில் மலசலகூடக் கழிவும் எலியின் சிறுநீரும் கலந்திருக்கும். அந்தச் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். 2008 இல் இந்நோய் நாட்டில் பெருமளவில் பரவியபோது மாத்தளையும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. ஆகவே ஸ்பஞ், தும்பு, பஞ்சு மெத்தைகள் வெள்ளத்தில் ஊறியிருந்தால் விட்டுவிடுவதே நல்லது. அவற்றின் உட்புறத்தைக் கழுவ முடியாது. பருத்திப் போர்வை, விரிப்பு, மெத்தையுறை ஆகியவற்றைக் காப்பாற்றலாம். சேற்றை அலசிவிட்டு, சவர்க்காரமிட்டுக் கொதிநீரில் ஊறவைத்துத் துவையுங்கள். கையில் உறையும் காலில் சப்பாத்தும் அணியுங்கள்; புண்ணை மூடிக் கட்டுங்கள். பின்னர் காய்ச்சல் வந்தால் உடனே வைத்தியசாலைக்குச் சென்று, வெள்ளநீரில் வேலை செய்ததையும் சொல்லுங்கள்.

மழைநீரில் நனைந்தவை

கூரை ஒழுகி நனைந்த இலவம்பஞ்சு மெத்தையைக் காப்பாற்றலாம். இலவம் இழை உள்ளே குழாய்போல் வெறுமையானது. மேலே மெழுகுப் பூச்சுள்ளது. அதனால் இழைக்குள் நீர் எளிதில் புகாது. துணியிலும் இழைகளின் இடையிலும்தான் நிற்கும். மெத்தையை முழுதாகத் தண்ணீரில் அமுக்காதீர்கள். தையலைப் பிரித்துப் பஞ்சை எடுத்து, பழைய நுளம்பு வலைக்குள் கட்டி வெயிலில் பரப்புங்கள். அவ்வப்போது உதறிவிடுங்கள். உறையைத் தனியே துவையுங்கள். பஞ்சு எளிதில் தீப்பற்றும். அடுப்பருகே உலர்த்தவே கூடாது.

கம்பளியைக் கொதிநீரில் போட்டால் சுருங்கிவிடும். குளிர்ந்த நீரில் மெதுவாக அமுக்கி அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் பாயில் விரித்து உலர்த்துங்கள்.

காயவைக்கும் முறை

துவைப்பது பாதி வேலை, காயவைப்பதே மறுபாதி. மேற்புறம் காய்ந்தாலும் உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். பிள்ளைகளுக்கு இருமலும் இழுப்பும் வரும்.

1. வெயில் தெளிந்த நாளில் காலையிலேயே தொடங்குங்கள். ஒரு நாளில் ஒன்றிரண்டை மட்டும் துவையுங்கள்.
2. பாரமான பருத்திப் போர்வையை ஒரே கொடியில் மடித்துப் போடாதீர்கள். ஒரு முழ இடைவெளியில் இரண்டு கொடி கட்டி, இரண்டின் மேலும் விரியுங்கள். நடுவே காற்றுப் புகும்.
3. இடையிடையே புரட்டிப் போடுங்கள். பனி இறங்கும் முன் உள்ளே எடுங்கள்.
4. தடித்த இடத்தை உள்ளங்கைகளுக்கு இடையில் அழுத்திப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை. மறுநாளும் வெயிலில் போடுங்கள்.

ஈரப் போர்வை ஒருவர் தூக்கக்கூடிய பாரமல்ல. அயல்வீட்டாருடன் சேர்ந்து துவையுங்கள். இருவர் பிழிந்தால் நீர் நன்றாக வடியும், கொடியையும் பகிர்ந்துகொள்ளலாம்.