நாகப்பட்டின ஓதமானிப் பதிவுகளும் எரிமலைக் கண்காணிப்பும்: காவிரிப் படுகையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

காவிரிப் படுகையில் எரிமலை இல்லை. ஆயினும் 1883ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோது எழுந்த கடலலை, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துத் துறைமுகமான நாகப்பட்டினத்தின் ஓதமானியில் பதிவாயிற்று. அதற்கு இருபது மாதங்கள் முன்னர், நிலநடுக்கத்தால் எழுந்த அலையும் அதே துறைமுகத்தில் பதிவாகியிருந்தது. இவ்விரு பதிவுகளையும் ஒப்பிட்டு, நிலநடுக்க அளவை மட்டும் நம்பிய எச்சரிக்கை எரிமலைவழி ஆழிப்பேரலைக்கு ஏன் போதாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எரிமலையியல், ஓதமானி, ஆழிப்பேரலை, கிரக்கட்டோவா, நாகப்பட்டினம், பாரன் தீவு

முன்னுரை

எரிமலையியல் என்றவுடன் வெசூவியசும் ஹவாயும் நினைவுக்கு வருவது இயல்பு. வண்டல் மண்ணும் வாய்க்காலும் நெல்வயலுமாக விரிந்துகிடக்கும் தஞ்சைத் தரணியில் இப்பாடத்திற்குச் சான்று தேடுவது பொருந்தாத செயலாகத் தோன்றலாம். ஆனால் எரிமலையின் விளைவுகள் அதன் அடிவாரத்தோடு நின்றுவிடுவதில்லை. நிலம், காற்று, நீர் என்னும் மூன்றின் வழியாகவும் அவை தொலைவுக்குப் பரவுகின்றன. இம்மூன்றில் நீர்வழி வந்த விளைவே காவிரிப் படுகையின் கரையில் எழுத்துச் சான்றாக நிலைத்துள்ளது.

வெடிப்பும் கடலின் எழுச்சியும்

புவியின் ஆழத்திலுள்ள கற்குழம்பில் நீராவி, கரியமில வாயு, கந்தக டை ஆக்சைடு முதலிய வளிகள் கரைந்துள்ளன. கற்குழம்பு மேலெழும்போது அழுத்தம் குறைவதால் இவ்வளிகள் குமிழ்களாகப் பிரிகின்றன. சிலிக்கா மிகுந்த குழம்பு பிசுபிசுப்பு மிக்கது. குமிழ்கள் எளிதில் வெளியேற இடங்கொடாது. அவ்வாறு அடைபட்ட அழுத்தமே வெடிப்பாக மாறுகிறது. மலை புடைத்தல், சிறு நிலநடுக்கங்கள் தொடர்தல், வெளியேறும் வளியின் அளவு மாறுதல் ஆகியவை இதன் முன்னறிகுறிகள். நிலநடுக்கமானி, ஜி.பி.எஸ்., ரேடார் செயற்கைக்கோள், வளி அளவிடும் கருவிகள் ஆகியன இவற்றைக் கண்காணிக்கின்றன.

கடலோர எரிமலை நீரைப் பல வழிகளில் அசைக்கிறது. சாம்பலும் பாறைத் துண்டுகளும் வெப்பவளியும் கலந்த பாய்வு கடலுக்குள் இறங்கலாம். மலையின் ஒரு பக்கம் சரிந்து விழலாம். உச்சி உள்ளிடிந்து பெருங்குழி தோன்றலாம். நீருக்கடியில் வெடிப்பு நிகழலாம். வெடிப்பால் எழுந்த காற்றழுத்த அலையே கடலை உந்தலாம். இவற்றுள் எதற்கும் பெரிய நிலநடுக்கம் தேவையில்லை. எச்சரிக்கையின் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

ஒரு துறைமுகம், இரு பதிவுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய நில அளவைத் துறை துறைமுகங்களில் தானே பதியும் ஓதமானிகளை நிறுவியது. கடலோடு குழாய் வழியாக இணைந்த கிணற்றில் ஒரு மிதவை இருக்கும். அதன் ஏற்ற இறக்கத்தைச் சுழலும் உருளையில் சுற்றிய தாளின்மேல் எழுதுகோல் வரைந்துகொண்டேயிருக்கும். குழாயின் குறுகிய வாய், காற்றால் எழும் சிற்றலைகளைத் தணித்துவிடும். பல பத்து நிமிடங்கள் நீளும் ஆழிப்பேரலையோ தடையின்றி உட்புகும். ஓதத்தை அளக்க அமைந்த கருவி ஆழிப்பேரலைக்கும் சான்றானது இவ்வமைப்பினால்தான்.

1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த அலை நாகப்பட்டினம் உள்ளிட்ட வங்கக் கடற்கரையின் எட்டு ஓதமானிகளில் பதிவாயிற்று. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னர், மொடெஸ்டோ ஓர்ட்டிஸ், ராஜர் பில்ஹாம் ஆகியோர் இப்பதிவுகளை ஆராய்ந்து அந்நிலநடுக்கத்தின் அளவை 7.9 எனக் கணித்து 2003இல் வெளியிட்டனர்.

1883 ஆகஸ்ட் 27 அன்று கிரக்கட்டோவா வெடித்தது. சுந்தா நீரிணைக் கரைகளில் 30 மீட்டருக்கும் மேல் எழுந்த அலைகளே 36,000க்கும் மேற்பட்ட உயிரிழப்புகளுக்குப் பெருங்காரணமாயின. ஏறத்தாழ 3,400 கி.மீ. தொலைவிலுள்ள நாகப்பட்டினத்தில் அவ்வலை சற்றேறக்குறைய 0.6 மீட்டர் அளவினதாகப் பதிவாயிற்று. நில அளவைத் துறையின் ஏ. டபிள்யூ. பெயர்ட் இந்தியத் துறைமுகப் பதிவுகளைத் தொகுத்து 1884இல் இலண்டன் அரச கழகத்தின் வழி வெளியிட்டார். அக்கழகத்தின் 1888ஆம் ஆண்டுப் பேரறிக்கையிலும் கடலலைகளுக்குத் தனிப்பகுதி உண்டு.

அருகில் 30 மீட்டராக இருந்த அலை தொலைவில் இவ்வளவு தணிந்ததற்குக் காரணம், அது தோன்றிய இடத்தின் சிறுமையே. 2004இல் ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்திற்குக் கடலடி பிளந்தது. எரிமலையிலோ அலையின் பிறப்பிடம் சில கிலோமீட்டர்களுக்குள் அடங்கும். ஆகவே அலையின் ஆற்றல் எல்லாத் திசையிலும் சிதறி விரைவில் தணிகிறது. இத்தணிவு படுகைக்கு ஓரளவு ஆறுதல் தருவதே. எனினும் ஓத வீச்சு ஒரு மீட்டருக்கும் குறைவான கரையில் 0.6 மீட்டர் என்பது புறக்கணிக்கத்தக்க அளவன்று.

மூவகைச் செய்தியின் வேகம்

கிரக்கட்டோவாவிலிருந்து நாகப்பட்டினத்திற்கு மூவகைச் செய்திகள் வரக்கூடும். நிலத்தின் ஊடாக வரும் முதன்மை அதிர்வலை ஏழு நிமிடங்களுக்குள் வந்துசேரும். காற்றழுத்த அலைக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். கடலலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது; புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் அது கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 710 கி.மீ. அவ்வேகத்தில் வந்தாலும் ஐந்து மணி நேரம் ஆகும். ஆழம் குறையுமிடங்களில் மேலும் தாமதமாகும். ஆகவே எச்சரிக்கைக்குக் காலம் உண்டு. அதைப் பயன்படுத்தும் ஏற்பாடு உண்டா என்பதே வினா.

எச்சரிக்கையிலுள்ள இடைவெளி

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா நிலநடுக்கத்தின் அலை ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் தமிழகக் கரையை அடைந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் 2007இல் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. நிலநடுக்கத்தின் இடம், ஆழம், அளவு ஆகியவற்றைக் கண்டறிவதே இத்தகைய மையங்களின் முதற்படி; கடலடி அழுத்தமானிகளும் ஓதமானிகளும் அலை எழுந்ததை உறுதிசெய்கின்றன.

இம்முறையில் 1881ஆம் ஆண்டு நிகழ்வு முதற்படியிலேயே சிக்கியிருக்கும். 1883ஆம் ஆண்டு நிகழ்வு சிக்கியிருக்கும் என்று கூற இயலாது. இது வெறும் ஊகமன்று. 2018 டிசம்பர் 22 அன்று, கிரக்கட்டோவா இருந்த இடத்தில் எழுந்த அனாக் கிரக்கட்டோவாவின் தென்மேற்குப் பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. நானூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரிய நிலநடுக்கம் இல்லாமையால் முன்னெச்சரிக்கை எதுவும் எழவில்லை. தொடக்கத்தில் அது ஓதப்பெருக்கு என்றே கருதப்பட்டது. 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் நிகழ்ந்த வெடிப்பின் காற்றழுத்த அலை உலகையே சுற்றிவந்தது. அதனால் உந்தப்பட்ட கடலலை, வழக்கமான கணக்கீடு காட்டிய நேரத்திற்கு முன்பாகவே பல கரைகளை அடைந்தது.

பாரன் தீவு

இந்தியாவின் ஒரே செயலுறு எரிமலையான பாரன் தீவு, போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவில் அந்தமான் கடலில் உள்ளது. 1787இல் அதன் வெடிப்பு குறிக்கப்பட்டது. நெடுங்காலம் அடங்கியிருந்து 1991இல் மீண்டும் வெடித்த அது, அதன்பின் பலமுறை சாம்பலும் எரிமலைக் குழம்பும் கக்கியுள்ளது. நாகப்பட்டினத்திலிருந்து ஏறத்தாழ 1,500 கி.மீ. தொலைவிலுள்ள அதற்கும் படுகைக்கும் இடையே அந்தமான் தீவுத்தொடர் அரணாக நிற்கிறது. எனவே படுகைக்கு அதனால் வரும் இடர் குறைவெனலாம். ஆனால் அந்தமான் கரைகளுக்கு அவ்வரண் இல்லை. இடரை எரிமலையின் பெயரால் அல்லாமல், அலை வரும் வழியால் மதிப்பிட வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

முடிவுரை

ஓதமானியின் எழுதுகோல் நிலநடுக்க அலையையும் எரிமலை அலையையும் வேறுபாடின்றி வரைந்தது. அலையின் காரணத்தை அது அறியாது. அலை வந்ததை மட்டும் அறியும். காரணம் எதுவாயினும் நீர்மட்டம் உண்மை சொல்லும் என்பதே இதன் வலிமை. ஆனால் நாகப்பட்டினத்து ஓதமானி நாகப்பட்டினத்தைக் காக்காது. அலை கரையை அடைந்த பின்னரே அது எழுதும். படுகையைக் காக்க வேண்டியவை சுமத்ராவின் மேற்குக் கரை, நிக்கோபார் போன்ற வழித்தடங்களிலுள்ள ஓதமானிகளும் ஆழ்கடல் அழுத்தமானிகளுமே. அவற்றின் தரவு தடையின்றி, நிலநடுக்கச் செய்திக்குக் காத்திராமல் ஆராயப்படுதல் வேண்டும்.

காவிரிப் படுகையின் மாணவர் எரிமலையியலைக் கற்க வெசூவியசிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயமில்லை. தம் கரையின் இரு பதிவுகளை அருகருகே வைத்து, அலையின் வீச்சையும் காலத்தையும் அளந்து, பிறப்பிடத்தை நோக்கிக் கணக்கிட்டுச் செல்லலாம். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் ஒரு நிலநடுக்கத்தின் அளவைச் சொன்ன பதிவுகள், அக்கணக்கீட்டுக்கு இன்றும் இடமளிக்கின்றன.