பேரீச்சங்கொட்டைக்கு ஒரு வேலை

துபாயிலிருந்து வரும் மாமாவின் பெட்டியில் பேரீச்சம்பழம் இல்லாமல் இருக்காது. பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை என்ன செய்வீர்கள்? குப்பையில்தானே போடுவீர்கள்! பழத்தின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொட்டைதான். வளைகுடா நாடுகளின் பேரீச்சை ஆலைகளில் அது மூட்டை மூட்டையாகச் சேர்கிறது.

அமீரகம், ஓமான், கத்தார் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இந்தக் கொட்டைக்கு ஒரு வேலை கொடுத்துப் பார்க்கிறார்கள். கழிவுநீரில் கலந்த காரீயம், செம்பு, காட்மியம் போன்ற உலோகங்களைப் பிடிக்கும் வேலை.

பேட்டரி ஆலை, முலாம் பூசும் பட்டறை போன்ற இடங்களிலிருந்து இவை தண்ணீரில் சேரும். சோற்றுக் கஞ்சி கலந்த தண்ணீர் என்றால் பாக்டீரியாக்கள் கஞ்சியைத் தின்று தீர்த்துவிடும். காரீயம் ஒரு தனிமம். தின்றாலும் எரித்தாலும் அது காரீயமாகவே இருக்கும். பிடித்து வெளியே எடுப்பதுதான் ஒரே வழி. சிறு பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கக்கூடியது என்பதால், குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பழைய முறை, சுண்ணாம்பு கலப்பது. உலோகம் சேறாக அடியில் படிந்துவிடும். உலோகம் நிறைய இருந்தால் இதுவே மலிவு. ஆனால் மிச்சம் மீதியாகக் கரைந்திருப்பது சுலபத்தில் படியாது.

அங்கேதான் கொட்டை வருகிறது. கழுவி, காயவைத்து, பொடியாக்கித் தண்ணீரில் போட்டால், பொடியின் மேற்பரப்பில் பல இடங்கள் எதிர்மின்னூட்டம் பெறும். கரைந்த காரீயத்துக்கோ நேர்மின்னூட்டம். இழுத்துப் பிடித்து ஒட்டிக்கொள்ளும்! தண்ணீர் அமிலமாக இருந்தால் மட்டும் ஆட்டம் மாறிவிடும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல ஹைட்ரஜன் அயனிகள் முந்திக்கொள்ளும். இதையே தந்திரமாகவும் பயன்படுத்தலாம். உலோகம் ஒட்டிய பொடியை அமிலத்தில் அலசினால், உலோகம் கழன்று கொஞ்ச நீரில் மொத்தமாகச் சேரும். பொடியையும் மறுபடி பயன்படுத்தலாம்.

கொட்டையைக் கரியாக்கி, நீராவியாலோ ரசாயனத்தாலோ நுண்துளைகள் உண்டாக்குவதும் உண்டு. நல்ல கரி என்றால், 1 கிராமின் துளைச் சுவர்களை எல்லாம் விரித்தால் 500 சதுர மீட்டரைத் தாண்டும்.

ஆய்வகக் குடுவையில் காரீயம் மட்டும் கலந்த நீரில் கொட்டைப்பொடி கெட்டிக்காரத்தனம் காட்டும். நிஜக் கழிவுநீர் அப்படி இருக்காதே! அதிலும் வளைகுடாவில் உப்பு அதிகம். கால்சியமும் மெக்னீசியமும் கூடத் துண்டோடு வந்து நிற்கும். அதனால் சிலர் பொடியின் மேற்பரப்பில் கந்தகம் சேர்த்துப் பார்க்கிறார்கள். பாதரசம், காரீயம் என்றால் கந்தகத்துக்குத் தனிப் பாசம். கால்சியத்தை அது அவ்வளவாகக் கண்டுகொள்ளாது.