கருமுட்டைக் கொடை

காவிரி நாட்டில் விதைத்தேர்வின் அருமையை அறியாதார் இலர். திருப்பனந்தாளைச் சூழ்ந்த வயல்களைக் கண்டு வளர்ந்த நம்மனோர்க்கு அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. விதைநெல்லை உப்புநீரிலிட்டு, மிதக்கும் பதரை நீக்கி, ஆழ்ந்த மணிகளையே கொள்வர். கருமுட்டைக் கொடையாளரைத் தேர்தலும் இத்தகையதே என எண்ணுவார் உளர். அது பொருந்தாது. விதைக்கு நோவில்லை, ஈண்டு ஆராயப்படுபவளோ உயிருள்ள ஒரு பெண். ஆதலின், பெறுவோர் நலத்தைப் போன்றே கொடுப்பவள் நலத்தையும் காத்தலே இவ்வாராய்ச்சியின் நோக்கமாதல் வேண்டும்.

சினைப்பை வலிவிழந்த பெண்ணுக்காக மற்றொருத்தியின் கருமுட்டையைப் பெற்று, ஆய்வுக்கூடத்தில் கருவாக்கி, பெறுபவளின் கருப்பையில் வைப்பதே இம்முறை. கொடையாகப் பெற்ற முட்டையினின்றும் 1984-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குழந்தை பிறந்தது. நம் நாட்டில் 2021-இல் இயற்றப்பெற்ற இனப்பெருக்கத் துணைத் தொழில்நுட்பச் சட்டம், 2022 ஜனவரி 25 முதல் இதனை நெறிப்படுத்துகின்றது. கொடையாளரின் அகவை 23 முதல் 35 வரை இருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒருமுறையே கொடுக்கலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுத்தலாகாது. விற்பனை குற்றமாகும். அவளுக்காக மருத்துவக் காப்பீடு செய்தல் பெறுவோர் கடமை.

இனி, மருத்துவச் சோதனைகளைக் காண்போம். எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் என்னும் மேகநோய் ஆகியவை உளவோ என இரத்தத்தில் ஆராய்வர். குடும்பத்தில் வழிவழி வரும் பிணிகளையும் வினவுவர். தலசீமியா என்னும் இரத்தப்பிணியின் கூற்றை உடையவள் நோயின்றியே தோன்றுவாள். ஆயினும், தந்தையாகுபவரிடத்தும் அக்கூறு இருப்பின் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு.

பின்னர், ஸ்கேன் கருவியாலும், ஏ.எம்.எச். என்னும் ஹார்மோனை அளந்தும் சினைப்பையின் வளத்தை அறிவர். இச்சோதனை இருமுகம் உடையது. அளவு மிகுந்திருப்பின் முட்டைகள் பல கிடைக்கும் என்பது ஒன்று. ஏறத்தாழப் பத்து நாள் இடும் ஊசிமருந்தால் சினைப்பை அளவின்றி வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, சிற்சிலர்க்கு உயிருக்கே ஊறு நேரலாம் என்பது மற்றொன்று. முன்னதை மட்டும் நோக்குபவர் வணிகர். பின்னதையும் நோக்கி மருந்தைக் குறைப்பவரே, வேண்டுமாயின் கொடையையே மறுப்பவரே மருத்துவர்.

நிற்க. சோதனைகள் யாவும் குறைவின்றி முடிந்தாலும் கொடை தூயதாகிவிடாது. ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் அகவையைப் பொய்யான ஆதார் அட்டையால் உயர்த்திக் காட்டி, பன்முறை அவளிடமிருந்து கருமுட்டை எடுக்கப்பட்ட செய்தி 2022 ஜூனில் வெளிப்பட்டது. தொடர்புடையோர் கைதாயினர்; அரசும் குழு அமைத்து ஆராய்ந்தது. அச்சிறுமியின் துயரை எந்த இரத்தச் சோதனையும் காட்டியிராது.

ஆகவே, ஊசி இடுமுன் அவளை அழைத்து வந்தோரை வெளியே நிறுத்தி, தனியே வினவுதல் வேண்டும்: “அம்மா, உன் வயது என்ன? இதன் இடர்களை அறிவாயா? நீயே விரும்பி வந்தனையா?” இவ்வினாக்களுக்கு அவள் அச்சமின்றி விடையிறுத்த பின்னரே மற்றைச் சோதனைகள் தொடங்கத் தகும். வற்புறுத்திப் பெறுவது கொடையாகாது, பறிப்பேயாம்.