டயருக்கு நைட்ரஜன் தேவையா?

போடியிலிருந்து போடிமெட்டு வழியாகச் சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை நிறைத்துக்கொண்டு ஜீப்புகள் மலையேறுவதை நண்பர்கள் பலர் கண்டிருப்பீர்கள். அத்தனை உயிர்களையும் தாங்குவது டயருக்குள் அடைபட்ட வாயுவே. அதற்குக் காசு கொடுத்து நைட்ரஜன் அடைப்பது பயன் தருமா?

காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தானே! 30 பவுண்டு அழுத்தமுள்ள டயரில் வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஒன்றரைப் பவுண்டு கூடும். காற்றாயினும் நைட்ரஜனாயினும் கணக்கு ஒன்றே. உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தால்தான் சற்று மிகும்.

விமானத்தின் கதை வேறு. 1986இல் மெக்சிகோவில், நைட்ரஜனுக்குப் பதில் காற்றடித்த டயர் பிரேக்கின் சூட்டில் வெடித்து, விமானம் வீழ்ந்து 167 பேர் மாண்டனர். காற்றிலுள்ள பிராணவாயு சூடேறிய ரப்பரோடு சேர்ந்து தீங்கு விளைப்பதே காரணம். ஜீப் டயர் அவ்வளவு சூடேறுவதில்லை. (இறக்கத்தில் பிரேக்கையே நம்பாமல் கியரில் இறங்கும் ஓட்டுநரைப் பாராட்டலாம்.)

நைட்ரஜன் ரப்பர் வழியே மெதுவாகக் கசியும் என்பது மெய்தான். 'கன்சூமர் ரிப்போர்ட்ஸ்' என்னும் அமெரிக்க ஏடு 31 வகை டயர்களை ஓராண்டு சோதித்து 2007இல் வெளியிட்ட முடிவில், காற்று 3.5 பவுண்டும் நைட்ரஜன் 2.2 பவுண்டும் குறைந்தன. இந்த வேற்றுமைக்காகவா பணம்? மாதம் ஒருமுறை காற்றடித்தாலே போதும். ஆனால் போடியில் வண்டி புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் அளக்க வேண்டும். மலையேறியபின் அளந்தால் சூட்டினால் கணக்குப் பொய்த்துவிடும்.