பாலம் போட்ட பவுன் காசு: தங்கமா, பித்தளையா?

போன வாரம் எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு மஞ்சத்துணி முடிச்சை அவிழ்த்து ஒரு காசை என் கையில் வைத்தார். மகன் லண்டனில் வேலை பார்த்தப்போ கொண்டுவந்து கொடுத்தது. ஒரு பக்கம் ராணி தலை, மறுபக்கம் ஒரு பாலம், ஆங்கிலத்தில் 'ஒன் பவுண்ட்'.

"ஒரு பவுன்னு அதுலயே போட்டிருக்கு தம்பி. பேத்தி கல்யாணத்துக்குன்னு வச்சிருக்கேன். தங்கம்தானான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுப்பா."

அவர் குழம்பியதில் தப்பே இல்லை. நாம் 8 கிராம் தங்கத்தை 'பவுன்' என்பதே இந்தப் பவுண்டிலிருந்து வந்ததுதான். சவரன் என்ற ஆங்கிலேயத் தங்கக் காசின் முகமதிப்பு ஒரு பவுண்ட், எடை 7.988 கிராம். காசின் பெயர் நம்ம ஊரில் எடையின் பெயராகிவிட்டது. அங்கேயோ பவுண்ட் என்பது பணத்தின் பெயராகவே நின்றுவிட்டது.

சரி, இந்தக் காசு எது? 2006-ல் வந்த ஒரு பவுண்ட். பிரிட்டனின் நாலு பகுதிகளுக்கும் ஒவ்வொரு பாலம் என்று 2004 முதல் 2007 வரை ஒரு வரிசை வெளியிட்டார்கள். எட்வினா எல்லிஸ் என்பவர் வடிவமைத்தது. இதில் இருப்பது வட அயர்லாந்தின் பங்கு: நியூரி ஊருக்குப் பக்கத்தில் 1851-ல் கட்டிய 'எகிப்தியன் ஆர்ச்' என்ற கல் ரயில் பாலம். பழைய எகிப்திய மன்னர்களின் தலைத்துணி மாதிரி தோற்றம், அதனால் அந்தப் பெயர். டப்ளின் - பெல்ஃபாஸ்ட் பாதை. பொறியாளர் ஜான் மக்நீல். கொஞ்ச தூரத்திலேயே அதே பாதையில் 18 வளைவுகளோடு கிரெய்க்மோர் பாலமும் நிற்கிறது. அயர்லாந்தில் பெரும் பஞ்சம் வாட்டிய காலத்தை ஒட்டி எழுந்த கற்கள் இவை.

கல் வளைவு ஏன் இத்தனை காலம் நிற்கிறது? கல்லை இழுத்தால் விரிசல் விடும், அழுத்தினால் தாங்கும். வளைவில் மேலிருந்து வரும் பாரம் ஒவ்வொரு கல்லையும் பக்கத்துக் கல்லோடு நெருக்கிக்கொண்டே கீழே இறங்குகிறது. அதனால் ரயில் ஏறும்போதும் கற்கள் இறுகித்தான் நிற்கும்.

இப்போ பெரியவரின் கேள்விக்கு வருவோம். இந்தக் காசு ஒரே விதமாக மட்டும் அடிக்கப்படவில்லை. கடைத்தெருவில் புழங்கியது 70% செம்பு, 24.5% துத்தநாகம், 5.5% நிக்கல். அதாவது நிக்கல் கலந்த பித்தளை. சேகரிப்பவர்களுக்காகக் கொஞ்சம் மட்டும் 22 காரட் தங்கத்தில் அடித்தார்கள். அளவு இரண்டுக்கும் ஒன்றே, 22.5 மில்லிமீட்டர். நிறமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எடை பொய் சொல்லாது. பித்தளைக் காசு 9.5 கிராம், தங்கக் காசு 19.6 கிராம். அதே இடத்தை அடைத்தாலும் தங்கம் இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும்.

தராசில் வைத்தோம். 9.5.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்த வட்டப் பவுண்ட் 2017 அக்டோபர் 15-க்குப் பிறகு அங்கே கடையிலும் செல்லாது, அந்த நாட்டு வங்கிக் கணக்கில்தான் போட முடியும் என்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

நம்ம நாட்டு நினைவுக் காசுகளிலும் இதே கவனம் வேண்டும். 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி அரசு 1000 ரூபாய் முகமதிப்பு வரை நாணயம் அடிக்கலாம். தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 1000 ரூபாய் காசு தங்கமல்ல, வெள்ளியும் செம்பும். ரயில்வேயின் 150-வது ஆண்டுக்கு 2003-ல் வந்த 2 ரூபாய் காசில் விளக்குப் பிடித்த யானை 'போலு' இருக்கிறது. 2015-ல் வந்த அசோகச் சக்கரம் போட்ட 'இந்தியத் தங்க நாணயம்' சுத்தமான 24 காரட். ஆனால் அதில் ரூபாய் மதிப்பு இல்லை; பேர்தான் நாணயம், உண்மையில் தங்க வில்லை. ஆக, யாராவது நினைவுக் காசு என்று நீட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் அடித்தது, முகமதிப்பு உண்டா, எடை என்ன?

நம்ம மலை ரயிலுக்கும் பெருமைக்குக் குறைவில்லை. 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை. 46 கிலோமீட்டருக்குள் 250 பாலங்கள், 16 குகைகள், 208 வளைவுகள். 2005-ல் யுனெஸ்கோ பட்டியல். அந்தப் பாலங்களுக்குக் கல் சுமந்தவர்களின் பெயர் எந்தக் காசிலும் ஏறவில்லை. நியூரியிலும் அதே கதைதான்.

பெரியவர் காசைத் திரும்ப முடிந்துகொண்டார். "தங்கம் இல்லேன்னா என்ன, பாலம் நெசம்தானே" என்றார். இன்னும் அதன் மேல் ரயில் போகுது என்றேன். "அப்போ பேத்திக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறேன்."