மீட்டர் சொல்லாத கணக்கு

அலிப்பூரில் ரிஃபார்மேட்டரி தெருவில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று இருக்கிறது. அதே பேட்டையில் பெல்வெடேர் தோட்டத்தில் தேசிய நூலகம். வாரன் ஹேஸ்டிங்ஸ் கட்டிய மாளிகை வளாகத்தில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. கொல்கத்தாவில் இன்று இத்தனை டிகிரி வெயில் என்று செய்தியில் சொல்கிறார்களே, அதை அளப்பதும் அலிப்பூர் வானிலை அலுவலகத்தில்தான். வெயிலும் வகுப்பறைகளும் அருகருகே உள்ள இடம் என்பதால், கல்விக்கூடங்களில் மின்சாரம் எப்படிச் செலவாகிறது என்று யோசிக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ரயில்வேயில் மின் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டடத்தில் மின்சாரம் வீணாவதைக் கண்டுபிடிக்க மூன்று விவரங்கள் வேண்டும். மொத்தம் எத்தனை யூனிட் என்பது மீட்டரில் இருக்கிறது. ஒவ்வொரு சாதனமும் எத்தனை வாட் என்பது அதன் பெயர்த்தகட்டில் இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்ற மூன்றாவது விவரம் எதிலும் எழுதியிருக்காது. வெளியிலிருந்து வரும் தணிக்கையாளர் இரண்டு நாள் சுற்றிப் பார்த்து ஓர் உத்தேசக் கணக்குப் போட்டுவிட்டுப் போய்விடுவார். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை அங்கேயே இருக்கும் மாணவர்களுக்குத்தான் உண்மை தெரியும். விடுதி என்றால் இரவும் அவர்கள் கண்ணெதிரில்.

இதை அமெரிக்கர்கள் வெகுகாலம் முன்பே உணர்ந்தார்கள். பெட்ரோல் நெருக்கடியைத் தொடர்ந்து 1976ல் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. பொறியியல் மாணவர்கள் பேராசிரியருடன் சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகளுக்குப் போய், ஒரு நாள் முழுதும் அளந்து பார்த்து, எங்கே எதை மாற்றினால் எத்தனை டாலர் மிச்சம் என்று அறிக்கை கொடுப்பார்கள். தொழிற்சாலைக்குச் செலவில்லை, மாணவனுக்கு அனுபவம். இவ்வகையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளைப் பார்த்திருக்கிறார்கள்.

தங்கள் சொந்த வளாகத்திலேயே மாணவர்கள் இறங்கியதற்கு ஒஹாயோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரி நல்ல உதாரணம். 2005ல் அங்கே விடுதிகளுக்குள் இரண்டு வாரம் போட்டி வைத்தார்கள். மின்சாரம் சராசரியாக 32 சதவீதம் குறைந்தது. வியப்பு அதுவல்ல. எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதை அவ்வப்போதே திரையில் காட்டிய விடுதிகளில் குறைவு 55 சதவீதம். வாரம் ஒருமுறை மட்டும் கணக்குச் சொன்ன விடுதிகளில் 31. கண்ணால் பார்ப்பதற்கு அவ்வளவு சக்தி! நம் வீட்டில் மீட்டர் படிக்கட்டுக்கு அடியில் இருட்டில் இருக்கிறது. பில் வரும்போதுதான் திடுக்கிடுகிறோம். (இத்தனைக்கும் 1899லேயே மின் நிலையம் கண்ட நகரம் இது.)

இந்தியாவில் 2001ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. 2002ல் எரிசக்தித் திறன் செயலகம் அமைந்தது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பும் எரிசக்தித் தணிக்கை செய்தீர்களா என்று கேட்கத் தொடங்கியது. ஆகவே இப்போது நம் பிள்ளைகள் படிக்கும் பல கல்லூரிகளில் மாணவர்களிடம் ஒரு படிவத்தைக் கொடுத்து "விளக்குகளை எண்ணிக் கொண்டு வா" என்கிறார்கள். எண்ணி முடித்ததும் அறிக்கை தயார், சான்றும் தயார்.

அப்படி எண்ணியவர்களில் ஒருத்தி நம் தமிழ்க் குடும்பத்துப் பெண். நகரின் தென்பகுதிக் கல்லூரி ஒன்றில் படிப்பவள். "மாமா, இதைச் சரிபார்த்துக் கொடுங்கள்" என்று மூன்று பக்கப் பட்டியலுடன் வந்தாள். டியூப்லைட் இத்தனை, மின்விசிறி இத்தனை, ஏசி இத்தனை. எல்லாம் சரி; மணி நேரம் எங்கே என்றேன். அவளும் தோழிகளும் இரண்டு வாரம் நோட்டுப் புத்தகமும் கையுமாக அலைந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த பட்டியலைப் படிக்க எனக்கே உற்சாகமாக இருந்தது. மூன்றாம் மாடி வராந்தா விளக்குகள் நடுப்பகலிலும் எரிகின்றன. காரணம், அவற்றின் ஸ்விட்ச் பூட்டிய அறை ஒன்றுக்குள் இருக்கிறது. படிப்பறையில் ஜன்னலோர வரிசையும் உள் வரிசையும் ஒரே ஸ்விட்சில். உள்ளே வெளிச்சம் வேண்டுமானால் வெயில் அடிக்கும் ஜன்னலோரத்திலும் விளக்கு எரிய வேண்டும். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் பம்ப் ஓடுகிறது. கம்ப்யூட்டர் அறையில் ஏசி 18ல், கதவோ சரியாக மூடுவதில்லை. ஏசியில் ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 2020 ஜனவரி முதல் புதிய ஏசிகள் 24 டிகிரியிலேயே தொடங்க வேண்டும் என்று விதி வந்தது இதனால்தான்.

இனி, எதை முதலில் மாற்றுவது? இங்கேதான் மணி நேரத்தின் அருமை தெரியும். ஒரு வகுப்பறையில் எட்டு பழைய டியூப்லைட். சோக்கையும் சேர்த்து ஒவ்வொன்றும் சுமார் 52 வாட். எல்இடி டியூப் 20 வாட். நாளுக்கு ஏழு மணி, ஆண்டுக்கு 200 நாள் என்றால் 1,400 மணி நேரம். ஆண்டுக்கு 358 யூனிட் மிச்சம். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,860 ரூபாய். டியூப் ஒன்று 250 ரூபாய் என்றாலும், போட்ட பணம் ஒன்பது மாதத்துக்குள் திரும்பிவிடும்.

மின்விசிறிக் கதை வேறு. பழைய விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த புதுவகை விசிறி 30 வாட்டுக்குள் அடங்கும். ஐஐடி பம்பாயில் படித்த இளைஞர்கள் 2012ல் தொடங்கிய ஆட்டம்பர்க் நிறுவனம் இவ்வகை விசிறியை நம் நாட்டில் பரவலாக்கியதில் எனக்குப் பெருமைதான். ஆனால் வகுப்பறையில் ஆண்டுக்கு 1,400 மணி மட்டுமே ஓடும் விசிறியில் மிச்சம் 63 யூனிட், ஐந்நூறு ரூபாய். விசிறி விலை மூவாயிரம். ஆறு வருடம் காத்திருக்க வேண்டும். அதே விசிறி விடுதி அறையில் நாளுக்குப் பதினாறு மணி, ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 216 யூனிட், 1,700 ரூபாய்க்கு மேல். இரண்டு வருடத்துக்குள் பணம் வந்துவிடும். முதலில் விடுதி, பிறகு வகுப்பறை. "எல்லாவற்றையும் மாற்று" என்று எழுதும் அறிக்கை அலமாரிக்குத்தான் போகும்.

கட்டடத்தையும் மறக்கலாகாது. கொல்கத்தாவின் பழைய வீடுகளில் தடித்த சுவர், உயர்ந்த கூரை, வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் 'கட்கடி' ஜன்னல்கள், மொட்டை மாடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் சேர்த்து இடித்த 'ஜல்சாத்' தளம். நம் ஊரில் ஓடு பதித்துத் தட்டோடு போடுவோமே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. பின்னாளில் வந்த காங்கிரீட் கட்டடங்களில் இவை போயின. மேல்மாடி மாணவன் மே மாதத்தில் வேகிறான். மாடியில் வெள்ளைப் பூச்சு அடிப்பது மலிவான மருந்து. தெலுங்கானா அரசு 2023ல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை வெளியிட்டது. மேல்மாடி அறையிலும் அதற்குக் கீழ் அறையிலும் ஒரே நேரத்தில் வெப்பமானி வைத்துக் குறித்து வருவது மாணவர்களால் எளிதில் முடியும். பூச்சுக்கு முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம். ஆனால் ஒன்று: ஸ்விட்ச் போர்டைத் திறப்பதும் கிளாம்ப் மீட்டர் மாட்டுவதும் கல்லூரி எலக்ட்ரீஷியன் வேலை. பிள்ளைகள் அதில் கை வைக்கக் கூடாது.

கண்டுபிடித்தாயிற்று, பணம் யார் தருவது? பல இடங்களில் மின் கட்டணம் ஒரு தலைப்பில், பழுதுபார்ப்பு வேறு தலைப்பில். விளக்கு மாற்றச் செலவிடும் பிரிவுக்கு மிச்சத்தில் பங்கில்லை. ஆகவே அக்கறையும் இல்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 2001ல் இதற்கு ஒரு வழி செய்தது. ஒரு சுழல் நிதி. துறைகள் அதிலிருந்து கடன் வாங்கிச் சீரமைப்புச் செய்யும். மின் கட்டணத்தில் மிச்சமாவதை நிதிக்கே திருப்பிக் கட்டும். அதே பணம் அடுத்த கட்டடத்துக்குப் போகும். நம் பெண்கள் நடத்தும் சீட்டுக்குப் பழகியவர்களுக்கு இது விளங்க அதிக நேரம் ஆகாது. இங்கேயும் முன்னாள் மாணவர் சங்கங்கள் ஓரிரு லட்சத்தில் தொடங்கலாம்.

அந்தப் பெண்ணின் அறிக்கை அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. விசிறிக்கு இன்னும் பதில் இல்லை. படிப்பறைக்கு மட்டும் கல்லூரி எலக்ட்ரீஷியன் தாமாகவே முன்வந்து, இருந்த ஒயரிலேயே ஜன்னலோர வரிசைக்குத் தனி ஸ்விட்ச் போட்டுவிட்டார். வராந்தா ஸ்விட்ச் உள்ள அறையின் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.