குளம் தாங்கும் குடிகள்

அக்கராயன் வயல்களுக்கு உயிர் குளத்து நீரே. மாரி மழையைத் தேக்கினாலன்றிச் சிறுபோகம் இல்லை. குடிகள் பெருகலாம், குளம் பெருகுவதில்லை.

இவ்வுண்மையை அயலிலுள்ள இரணைமடு உணர்த்திற்று. யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீர் உவராகியும் மாசடைந்தும் வரவே, இரணைமடு நீரைக் குழாய்வழி அங்கே கொண்டுசெல்லத் திட்டமிட்டனர். அவர்தம் தாகம் நியாயமானது. பயிர் வாடுமென அஞ்சிய கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பும் நியாயமானதே. பின்னர், 2024 ஓகஸ்ட் மாதத்தில், தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்லது அது.

செலவு மிகுந்த வழிதான். எனினும், ஓரூரின் வளர்ச்சிக்கு மற்றோரூரின் வயலை விலையாகக் கேளாத வழி. அக்கராயனிலும் புதிய குடியிருப்புகளை வகுப்போர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இக்குளம் எத்தனை பேரைத் தாங்கும்?